அம்பாசடருக்குப் பாயிண்டா, எலக்ட்ரானிக்கா?

எங்கள் வீட்டு 1986 மாடல் அம்பாசடரில் இப்போது இருப்பது பாயிண்ட். பிளக்கில் பொறி விழுவதற்காகக் காயிலின் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச் அது. அதே வேலையை உரசாமல் செய்வது எலக்ட்ரானிக் மாட்யூல். காயில் என்பது பொறிக்கு வேண்டிய அளவுக்கு மின்னழுத்தத்தைக் கூட்டும் சுருள். நடுவில் 14 மாதம் எலக்ட்ரானிக் மாட்யூல் போட்டு ஓட்டிவிட்டுப் பழையபடி பாயிண்டுக்கே திரும்பியவன் நான். எனவே இதை நடுநிலையான அலசல் என்று நம்பிப் படிக்க வேண்டாம்.

ஒரு விஷயத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் பாயிண்டையோ மாட்யூலையோ குற்றம் சொல்வது அவசரம். கரண்டை முறை வைத்து ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப், அதனுள் சுற்றும் ரோட்டர், பிளக், பிளக் வயர் எல்லாம் இரண்டுக்கும் பொது. மழை நாளில் கேப்பின் உள்ளே ஈரம் கோத்தால் எது போட்டிருந்தாலும் வண்டி முரண்டு பிடிக்கும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் பெரும்பாலும் கரண்ட் கோளாறு. உலர்ந்திருந்தால் கார்புரேட்டர் பக்கம் போக வேண்டியதுதான்.

இனி எலக்ட்ரானிக்கின் பெருமை. அதை மறைக்க மாட்டேன். உரசித் தேயும் முனை அதில் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவில் சுற்றும் மேடுள்ள தண்டான கேமின் மேல் ஒரு காந்த வளையம், பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு கருப்புப் பெட்டி, அவ்வளவே. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் பாயிண்ட் நிமிடத்துக்கு 6,000 முறை திறந்து மூடுகிறது. அந்த உழைப்பு மாட்யூலுக்குக் கிடையாது. அந்த 14 மாதமும் டிஸ்ட்ரிபியூட்டரை நான் திறக்கவே இல்லை. கொடைக்கானல் குளிரில் விடியற்காலை முதல் சாவியிலேயே எஞ்சின் பிடித்தது. ஐடிலிங் சீராக நின்றது. டைமிங்கும், அதாவது பொறி விழும் நேரமும், நகரவில்லை. நின்றுபோன அந்த ஒரு நாள் வராதிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

வத்தலக்குண்டைத் தாண்டிச் சிறிது தூரம்தான் போயிருப்போம். பொழுது சாயும் நேரம். இருமல் இல்லை, திணறல் இல்லை, சுவிட்சை அணைத்தது போல எஞ்சின் நின்றது. செல்ஃப் சுற்றுகிறது, கரண்ட் இல்லை. பானெட்டைத் தூக்கி, கேப்பைக் கழற்றிப் பார்த்தால் அந்தக் கருப்புப் பெட்டி முதல் நாள் இருந்தபடியே பளபளவென்று இருக்கிறது. அதனிடம் என்ன கேட்பது? டிராக்டர் ஒன்று கட்டி இழுத்துத் திரும்ப ஊருக்குள் கொண்டுவந்து விட்டது. அங்கே கிடைத்த மெக்கானிக்குக் தலை நரைத்த அனுபவம். பார்த்துவிட்டு, “பாயிண்டாக இருந்தால் பத்து நிமிட வேலை சார். இதைத் திறந்து பார்க்கவே வழியில்லையே” என்றார். அன்றிரவு லாட்ஜில் தங்கினோம். வீட்டில் பிஸ்கட் டப்பாவில் கிடந்த பழைய பாயிண்ட் தட்டை, பாயிண்ட் முகம் பொறியில் கருகாமல் காக்கும் கண்டென்சரோடு என் மைத்துனர் மறுநாள் காலை பஸ்ஸில் கொண்டுவந்தார்.

என் முடிவைத் தீர்மானித்தது இதுதான்: பழுதாகும்போது இரண்டும் நடந்துகொள்ளும் விதம். பாயிண்ட் வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டே போகும். கேமில் உரசும் அதன் குதி தேயத் தேய இடைவெளி குறைகிறது. குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்னுக்குப் போகும். மேட்டில் வண்டி சோம்பும், எஞ்சின் வழக்கத்தைவிடச் சூடேறும், காலையில் இரண்டாவது மூன்றாவது முறை சாவி கேட்கும். காது கொடுத்தவனுக்கு அதுவே போதும்.

அப்படியே நின்றுவிட்டாலும் காரணத்தைக் கண்ணால் பார்க்கலாம். கேப்பையும் ரோட்டரையும் எடுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் சாவியைப் போட்டு, பிளாஸ்டிக் பிடியுள்ள ஸ்குரூடிரைவர் முனையால் அதன் கையைத் தட்டித் திறந்து பாருங்கள். சிறு பொறி தெறித்தால் காயிலுக்கு மின்சாரம் வருகிறது, பாயிண்டும் வேலை செய்கிறது. பொறியே இல்லை என்றால் ஒன்று பாயிண்ட் முகத்தில் அழுக்கு, அல்லது மின்சாரம் அதுவரை வரவில்லை. டெஸ்ட் விளக்கை வைத்து வயரைத் தொடர்ந்து போனால் இடம் தெரிந்துவிடும். பாயிண்டில் பொறி பெரிதாகச் சீறுகிறது, காயிலின் நடு வயரிலோ உயிரில்லை என்றால் கண்டென்சர் போய்விட்டது. பலர் கவனிக்காமல் விடுவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தட்டை எர்த்தோடு இணைக்கும் மெல்லிய பின்னல் வயர். அது உள்ளுக்குள் அறுந்து தொட்டும் தொடாமலும் நின்று ஆளைப் பைத்தியமாக்கும். இத்தனையும் கண்ணுக்குத் தெரியும் கோளாறுகள். பெட்ரோல் கசிவு இருந்தால் மட்டும் இந்தப் பொறி விளையாட்டே கூடாது.

அழுக்குக்கு நைசான உப்புத்தாளை மடித்து ஒரு இழுப்பு, பிறகு சுத்தமான காகிதத்தை நுழைத்து இன்னொரு இழுப்பு. இடைவெளி 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), அதாவது ஏறத்தாழ 0.38 மி.மீ. டாப் கியரில் போட்டு வண்டியை மெல்ல நகர்த்தினால் கேம் சுற்றும். குதி கேமின் உச்சியில் ஏறும் இடத்தில் நிறுத்தி, திருகைத் தளர்த்தி அளவு பார்த்து முறுக்க வேண்டும். வத்தலக்குண்டில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான பீலர் கேஜை அந்த மெக்கானிக்கிடமிருந்து யாரோ வாங்கிப் போயிருந்தார்கள். சட்டைப் பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து, அட்டையின் ஓரத்தைக் கிழித்து நுழைத்துப் பார்த்தார். இழுத்தால் லேசாகப் பிடித்து வர வேண்டும் என்றார். வந்தது. டைமிங்கைக் காதாலேயே வைத்துக் கொடுத்தார். பின்னர் வீட்டில் கேஜ் வைத்துப் பார்த்தபோது அளவு மிகச் சரியாக இருந்தது.

பேட்டரி இறங்கிய நாளிலும் பாயிண்டே கைகொடுக்கிறது. செல்ஃப் சுற்றவே திணறும் அளவு மின்சாரம் இருந்தாலும் நான்கு பேர் தள்ளினால் பிடித்துக்கொள்ளும். சில மாட்யூல்கள் மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் வேலையே செய்யாது.

பாயிண்டின் குறையையும் சொல்ல வேண்டும். 5,000 கி.மீ.க்கு ஒரு முறை திறந்து பார்த்து, கேமில் துளி கிரீஸ் வைக்க வேண்டும். அதிகமாக வைத்தால் அது தெறித்துப் பாயிண்ட் முகத்தைக் கெடுக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, இன்று கடையில் கிடைக்கும் பாயிண்டும் கண்டென்சரும் அன்றைய தரத்தில் இல்லை. புதிதாக வாங்கிய கண்டென்சர் ஒன்று இரண்டே மாதத்தில் போனது. அதனால் நன்றாக ஓடும் பழைய கண்டென்சரைப் புதியது வந்த உற்சாகத்தில் நான் தூக்கி எறிவதில்லை. உத்தர்பாராவில் 2014இல் உற்பத்தியே நின்றுவிட்ட வண்டி. உதிரிபாகம் தேடுவது இனி எளிதாகப் போவதில்லை. விலையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. மாட்யூலுக்குக் கொடுத்த பணத்தில் பல வருஷத்துப் பாயிண்டை வாங்கியிருக்கலாம்.

என் சாட்சியத்தின் எல்லை ஒரு வண்டி, ஒரு மாட்யூல். தவறு என்னுடையதாகவும் இருக்கலாம். வழியில் ஒரு கடை வாசலில் மனைவிக்காகக் காத்திருந்தபோது, ரேடியோ கேட்க வேண்டி எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியை மட்டும் அரைமணி நேரம் போட்டு வைத்திருந்தேன். அப்படிச் செய்தால் சில வகை மாட்யூல்கள் சூடேறிக் கெடும் என்று பிறகுதான் படித்தேன். பாயிண்ட் மூடியபடி நின்றால் காயிலும் அப்படித்தான் சூடேறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனியிலிருந்தே எலக்ட்ரானிக்கோடு வந்த கார்களுக்கு என் புகார் எதுவும் பொருந்தாது. தினமும் ஊருக்குள்ளேயே ஓட்டுபவர், டிஸ்ட்ரிபியூட்டரைத் திறக்க விருப்பமில்லாதவர் மாட்யூலைப் போட்டுக்கொள்ளட்டும். பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும் பழைய வண்டி என்றால் அதற்கேற்றதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

போட்டாலும் பழைய பாயிண்ட் தட்டை இடைவெளி வைத்து, கண்டென்சரோடு துணியில் சுற்றி டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். தட்டைப் பிடித்திருப்பவை இரண்டே திருகுகள். கூடவே ஒரு டார்ச் விளக்கும். அன்றைக்கு என்னிடம் அதுவும் இல்லை.