எண்பதுகளின் டேப் ரெக்கார்டர்: மூன்றாவது பெல்ட்டுக்குப் பிறகு

எண்பதுகளில் வீட்டில் பாடிக்கொண்டிருந்த டேப் ரெக்கார்டரைப் பரணிலிருந்து இறக்கி மறுபடி ஓட்டலாமா என்று நண்பர் கேட்டார். மூன்றாவது முறையாக பெல்ட் மாற்றிய கையோடு எழுதுகிறேன், அதனால் கோபம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

எல்லாத் தொல்லைக்கும் வேர் மோட்டாரின் சுழற்சியை மற்ற சக்கரங்களுக்குக் கடத்தும் அந்த ரப்பர் பெல்ட்தான். ஓட்டாமல் மூடி வைத்தாலும் ரப்பர் கெடும். சில பெல்ட்டுகள் இளகி, தார் மாதிரி கப்பியில் அப்பிக்கொள்ளும். துணியில் பட்டால் கறை லேசில் போகாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் மோட்டார் கப்பியையும், டேப்பின் வேகத்தைச் சீராக வைக்கும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலின் விளிம்பையும் கறுப்பு வருவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். அந்தப் பிசின் மேலேயே புது பெல்ட்டைப் போட்டால் பாட்டு அலையடிக்கும். பழைய பெல்ட்டை அளந்து அதே நீளத்துக்கு வாங்குகிறார்கள். அது தளர்ந்து நீண்டுபோன அளவு. சுமார் 5 சதவீதம் குறைவாக வாங்குங்கள். அதற்கும் மேல் இறுக்கினால் மோட்டார் திணறும், அச்சைத் தாங்கும் புஷ் தேயும்.

டேப்பைத் தின்பதும் பெரும்பாலும் இதனால்தான். கேப்ஸ்டன் என்ற சுழலும் உலோகக் கம்பியும் அதை அழுத்தும் ரப்பர் ரோலரும் டேப்பை நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும். சுருட்ட வேண்டிய பக்கத்தை இழுக்கும் பெல்ட்டோ ரப்பர் சக்கரமோ வழுக்கினால், தள்ளிய டேப் போக இடமின்றி ரோலரில் சுற்றிக்கொள்ளும். அப்போது கேசட்டைப் பிடுங்காதீர்கள். ஸ்டாப் அழுத்தி, ரோலரைக் கையால் பின்னோக்கிச் சுழற்றி டேப்பை விடுவித்து, பென்சிலால் சுற்றுங்கள். இரு பக்கமும் சேர்த்து 60 நிமிடம் ஓடும் சி-60 டேப்பின் தடிமன் சுமார் 18 மைக்ரான், 120 நிமிட சி-120 வெறும் 9. சி-120 சிக்கினால் கசங்காமல் மீட்பது மிகக் கடினம்.

இத்தனை எரிச்சலையும் மறக்கடிப்பது, டேப்பிலுள்ள ஒலியைப் படிக்கும் ஹெட்டின் ஒரு பக்கம் ஸ்பிரிங்கோடு இருக்கும் சின்னத் திருகு. கேசட் ஓடும்போதே அதை இம்மியளவு திருப்பினால், கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்த குரல் சட்டென்று தெளியும்! பதிவு செய்த கருவியின் ஹெட் சாய்ந்திருந்த கோணத்துக்கு இந்த ஹெட்டும் வந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு சேனலையும் ஒன்றாக்கி மோனோவில் கேட்டபடி திருப்பினால் சரியான இடம் சுலபமாகப் பிடிபடும். பழைய நிலையில் பெயின்ட் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள், மற்ற கேசட்டுகளுக்கு அங்கேதான் திரும்ப வேண்டும். திருகியும் தெளியவில்லையா? டேப்பை ஹெட்டோடு அழுத்தும், கேசட்டின் நடுவிலுள்ள கம்பளித் துண்டு பசை விட்டு விழுந்திருக்கலாம். ஹெட்டைக் குறை சொல்லாமல் உதவாத கேசட்டிலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டுங்கள்.

குழந்தைகளின் மழலை, தாத்தாவின் பேச்சு பதிவான கேசட் என்றால் ஓட்டுமுன், மேலே பதிவாகாமல் தடுக்க, கேசட்டின் பின் விளிம்பிலுள்ள சின்ன பிளாஸ்டிக் காதுகளை உடைத்துவிடுங்கள். டேப் தெரியும் விளிம்பைக் கீழே வைத்துப் பார்த்தால், நம்மை நோக்கும் பக்கத்துக்கு உரியது இடது காது. ரெக்கார்ட் பட்டனில் விரல் தவறினாலும் குரல் அழியாது.

சரி, நண்பருக்குப் பதில்: பாட்டுக் கேட்பதற்காக என்றால் இறக்காதீர்கள். இவ்வளவு மெச்சிய பிறகும் இன்றைக்கு அதைத்தான் சொல்வேன். வீட்டுக் குரல்கள் இருந்தால் மட்டும் ஒரு பெல்ட் வாங்கிப் போட்டு, ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஏற்றிவிடுங்கள். திரும்பப் பரணில் ஏற்றுமுன் பேட்டரியோடு பெல்ட்டையும் கழற்றிவிடுங்கள்.