திருவாதிரையா, வட மகுடமா: எந்த வெடிப்புக்குக் காத்திருப்பது?

மார்கழி இரவில் மொட்டை மாடிக்குப் போனால் கிழக்கே சிவப்பாக மினுங்குமே, அதுதான் திருவாதிரை. ஆயுள் முடியப்போகும் பெரும் விண்மீன். வெடித்தால் சூப்பர்நோவா, அதாவது விண்மீனே சிதறும் பெருவெடிப்பு: அரை நிலா அளவுக்கு வெளிச்சம், பட்டப்பகலிலும் தெரியும், மாதக்கணக்கில் நீடிக்கும். 2019 கடைசியில் அது திடீரென மங்கியபோது ‘இதோ வெடிக்கப்போகிறது’ என்று பலரும் அண்ணாந்து பார்த்தோம். கடைசியில் பார்த்தால், அது தானே கக்கிய தூசி மறைத்திருக்கிறது! இன்னும் ஒரு லட்சம் ஆண்டுகூட ஆகலாம்.

வட மகுடம் என்ற விண்மீன் கூட்டத்தில் இருக்கும் டி கொரோனே போரியாலிஸ் என்ற விண்மீன் ஜோடி வேறு ரகம். இது வெறும் நோவா. ஒரு வெண்குறுமீன் (செத்துச் சுருங்கிப்போன விண்மீன்), பக்கத்துச் சிவப்பு விண்மீனிடமிருந்து ஹைட்ரஜனை உறிஞ்சிச் சேர்க்கிறது. அளவு மீறினால் அந்த மேல்தோல் மட்டும் வெடிக்கும். குறுமீன் பிழைத்துக்கொள்ளும், மறுபடி உறிஞ்சத் தொடங்கும். 1866, 1946 என்று வெடித்தது. சுமார் 80 ஆண்டுக் கணக்கு. 2024-இலேயே எதிர்பார்த்தார்கள், அந்த ஆண்டு ஏமாற்றிவிட்டது. வெடித்தாலும் துருவ விண்மீன் அளவு வெளிச்சம்தான், அதுவும் சில நாள்கள்.

பிரமிப்புக்குத் திருவாதிரைதான், சந்தேகமில்லை. ஆனாலும் என் ஓட்டு வட மகுடத்துக்கே. ஆயுளுக்குள் பார்க்க வேண்டாமா?