எட்டு மணிக்கு மேல் செய்தி கிடையாது

கிருஷ்ணகிரியில் ராத்திரி பரோட்டாவுக்குப் பஞ்சமில்லை. லண்டன்பேட்டைப் பக்கம் இருக்கும் இந்தக் கடைக்குப் போகச் சொல்வது முக்கியமாகச் சுவரில் மாட்டியிருக்கும் டிவிக்காக. எட்டு மணி ஆனால் அதில் செய்தி சேனல் ஓடாது. சனி, ஞாயிறில் இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்து. மற்ற நாட்களில் பழைய ஆட்டம் எதையாவது யூடியூபில் போட்டுவிடுவார் கடைக்காரர்.

இதில் என்ன விசேஷம் என்பீர்கள். நான் மாம்பழக்கூழ் கம்பெனியில் ஏற்றுமதி பேப்பர் பார்க்கிறவன். 2023 கடைசியில் ஏமனின் ஹூதிப் படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததிலிருந்து உலகச் செய்தி எனக்கு ஆபீஸ் வேலை ஆகிவிட்டது. சூயஸ் வழியாகப் போக வேண்டிய கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போனால், நம்ம ஊர் பெங்களூரா மாம்பழக்கூழுக்குக் கன்டெய்னர் வாடகை ஏறும், தேதி தள்ளும், வாங்குகிறவர் போனில் கத்துவார். பகல் முழுக்க எங்கே குண்டு விழுந்தது என்று பார்த்துவிட்டு, ராத்திரி தட்டுக்கு எதிரேயும் சிவப்புப் பட்டையில் 'பிரேக்கிங்' ஓடினால் சோறு இறங்குமா?

இங்கே இறங்குகிறது. சால்னா தண்ணியாகத்தான் இருக்கும், ஆனால் சோம்பும் மிளகும் சரியாகப் பேசும். முட்டைக் கலக்கி இன்னும் மேல்: ஓரம் மட்டும் வெந்து, நடுவில் தளதளவென்று, வாழை இலைத் துண்டில் சரிந்து வரும். தோசை சுமார். டீ வேண்டாம், பாயசம் மாதிரி சர்க்கரை.

கூட்டம்தான் தனி ரகம். பெங்களூர் போகிற மலப்புறம் லாரி டிரைவர்கள் வந்துவிட்டால் ஆட்டத்துக்கு வர்ணனை இலவசம். ஒருநாள் ஆஃப்சைடா, அதாவது ஆட்டக்காரர் விதியை மீறி முன்னால் நின்றாரா இல்லையா என்று வீடியோ நடுவர் (VAR) அறையில் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் வீசிய மாவைக் கல்லில் போடாமல் கையிலேயே தொங்கவிட்டு நிற்கிறார். "அண்ணா, தோள்பட்டை வெளியே இருக்கு" என்கிறார் டிரைவர். கோல் இல்லை என்று ஆனதும்தான் பரோட்டா கல்லுக்குப் போனது. அது நான் ஆர்டர் செய்த பரோட்டாதான், ஆனாலும் கோபம் வரவில்லை.

2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைப் போட்ட ராத்திரியும் அப்படித்தான். எண்பது நிமிடம் நெருங்கும்வரை அர்ஜென்டினா 2-0. பிரான்சின் எம்பாப்பே பெனால்டியில் ஒன்று, அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் இன்னொன்று. கடைசியில் 3-3, பெனால்டியில் அர்ஜென்டினா 4-2 என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கூடுதல் நேரத்தின் கடைசியில் அர்ஜென்டினா கோல்கீப்பர் மார்ட்டினெஸ் காலை நீட்டித் தடுத்தபோது பக்கத்து மேசை பாய் எழுந்து நின்றுவிட்டார்.

உலகம் முழுசாக வெளியே நின்றுவிடும் என்று சொல்லமாட்டேன். ரஷ்யா ஏன் ஆடவில்லை என்று ஒரு தம்பி கேட்டான். 2022ல் உக்ரைன் மேல் படையெடுத்ததும் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவும் ஐரோப்பிய அமைப்பான யூஃபாவும் தடை போட்டுவிட்டன என்று ஆரம்பித்தேன். "சார், அது நியூஸ். காலையில பேசிக்கலாம்" என்று கடைக்காரர் அடக்கிவிட்டார். பில்லில் தள்ளுபடி கேட்டால்கூட இவ்வளவு கறாராகச் சொல்லமாட்டார்.

குறைகளும் உண்டு. நெட் வழியாக ஓடுவதால் படம் பின்தங்கியே வருகிறது. பக்கத்து செல்போன் கடைப் பையன்கள் கத்தினால் கோல் என்று முன்னாடியே தெரிந்துவிடும். கை கழுவும் குழாய் சரியான தொல்லை, திறந்தால் சட்டை நனையும். வண்டி நிறுத்த இடம் கிடையாது.

இங்கிலாந்தில் மதியம் மூன்று மணிக்கு ஆரம்பிக்கும் சனிக்கிழமை ஆட்டங்கள் கோடையில் நமக்கு ஏழரைக்கு. அக்டோபர் கடைசியில் அங்கே கடிகாரத்தைத் திருப்பிய பிறகு எட்டரைக்கு. அரை மணி முன்னதாகப் போய் ஃபேனுக்கு நேர் கீழே உட்காருங்கள். இடைவேளைக்கு முன்பே கலக்கி சொல்லிவிடுங்கள், பிறகு கல்லில் இடம் இருக்காது. ஐரோப்பிய கிளப்புகள் ஆடும் சாம்பியன்ஸ் லீக் பார்க்கலாம் என்று கிளம்பாதீர்கள். அது குளிர்காலத்தில் பெரும்பாலும் நடுராத்திரி ஒன்றரைக்கு, கடை பன்னிரண்டுக்கே ஷட்டரை இழுத்துவிடும்.