உப்புக்கும் புழுக்கத்துக்கும் எது தாங்கும்: ஒரு பருவத்துத் தூண்டில் சாமான்கள்

தூண்டில் சாமான் பற்றித் தேடினால் வந்து விழும் பரிந்துரைகளில் பெரும்பாலானவை குளிர் நாட்டு ஏரிகளை மனதில் வைத்து எழுதியவை. அங்கே நல்ல தண்ணீர், உலர்ந்த காற்று. நம் சென்னையை ஒட்டிய எண்ணூர், கோவளம், முட்டுக்காடு பக்கம் நிற்பவருக்கு உப்பு, மணல், பாசி, வியர்வை. அங்கே பத்து வருஷம் உழைக்கும் பொருள் இங்கே தைப்பொங்கலைப் பார்ப்பதே சந்தேகம்.

ஆவணியில் தொடங்கி மாசி வரை, வடகிழக்குப் பருவமழையை நடுவில் வைத்து, நானும் மச்சானும் வாங்கியவற்றை எதிரெதிரே நிறுத்திப் பார்த்ததுதான் இது. இருவருக்கும் எதிலும் ஒத்துப்போகாது என்பதால் எல்லாவற்றிலும் இரண்டு வகை சேர்ந்துவிட்டது. நாங்கள் நிற்பது மூன்று மாதிரி இடங்களில்: கிழங்கானும் காலாவும் வரும் மணல்கரை, பாறை மீனும் சீலாவும் சுற்றும் தூண்டில் வளைவுக் கற்கள் (கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கொட்டிய கல் வரிசை), கொடுவாவுக்காகக் காத்திருக்கும் கழிமுகம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நரம்பு, அதாவது தூண்டில் இழை, தொட்டுப் போகும் பொருளுக்கும் காலில் போடுவதற்கும் காசு கொடுங்கள். உடம்பில் போடும் துணிக்கு அவ்வளவு வேண்டாம்.

கோல்

என்னுடையது 7 அடி கார்பன் கோல், இரண்டு துண்டு. மச்சானுடையது 10 அடி கண்ணாடி இழைக் கோல். கையில் எடுத்ததும் யாருக்கும் கார்பன்தான் பிடிக்கும். எடை தெரியாது, கிழங்கான் இரையைத் தொட்டுப் பார்ப்பதுகூட விரலுக்கு வந்துவிடும். கண்ணாடி இழையில் அந்தத் துடிப்பு மந்தமாகத்தான் வரும், விடிகாலையில் வீச ஆரம்பித்தால் ஒன்பது மணிக்கு மணிக்கட்டு கெஞ்சும்.

ஆனால் மணல்கரையில் மச்சான் கோல்தான் ஜெயித்தது. முதல் அலை உடையும் இடத்துக்கு மேலே நரம்பைத் தூக்கிப் பிடிக்க நீளம் வேண்டும். 7 அடியில் ஒவ்வொரு நுரையும் நரம்பை இழுத்து முனையில் கட்டிய ஈயக் குண்டை நகர்த்திக்கொண்டே இருக்கிறது. தூண்டில் வளைவில் நிற்கும்போதும் இதே கதை. கல் விளிம்பைத் தாண்டி நரம்பை நீட்டிப் பிடித்தால் பாதி அறுபடல் மிச்சம். கழிமுகத்தில் மட்டும் நிலைமை தலைகீழ். ஓரத்துப் புதர், பாலத்தடி, குறுகிய இடம். அங்கே 10 அடியைத் தூக்கிக்கொண்டு திரும்புவதே வேலை.

கார்பனுக்கு இன்னும் இரண்டு குணம் உண்டு. அது வளையும், ஆனால் அடி தாங்காது. ஈயம் ஒரு தரம் பட்டென்று மோதினாலோ, ஸ்கூட்டர் ஸ்டாண்டில் இடித்தாலோ கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். உடைவது வேறு ஒரு நாள், பெரிய மீன் இழுக்கும்போது. இரண்டாவது விஷயம் விளையாட்டு இல்லை: கார்பன் மின்சாரம் கடத்தும். தலைக்கு மேல் கம்பி போகும் இடத்தில் வீசக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் தூரத்தில் இடி கேட்ட உடனே கோலைக் கீழே வைத்துவிட்டுக் கரையேற வேண்டும்.

மடக்கிக் குழலுக்குள் குழலாகச் செருகும் கோல் ஒன்றும் ஆன்லைனில் வாங்கினோம். பஸ்ஸில் கொண்டுபோக அருமை. மணல் புகுந்ததும் இணைப்புகள் இறுகின, நரம்பு நுழைந்து போகும் ஒரு வளையத்துக்குள்ளிருந்த பீங்கான் பட்டையும் கழன்று விழுந்தது. குளத்தில் கெண்டை பிடிக்கக் கொடுத்துவிட்டோம்.

கோல் வாங்கும்போது எல்லாரும் தண்டை வளைத்துப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வளையங்களை. காது குடையும் பஞ்சுக் குச்சியை எடுத்து ஒவ்வொரு வளையத்தின் உள்பக்கமும் ஒரு சுற்று சுற்றுங்கள். பஞ்சு இழை எங்காவது மாட்டினால் அங்கே வெடிப்பு இருக்கிறது. அந்த ஒரு வெடிப்பு, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய நரம்பையும் பத்து வீச்சில் பஞ்சாக்கிவிடும். கடைக்குக் குச்சியோடு போனால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

ரீல்

மலிவு ரீலின் பெட்டியில் "12 பேரிங்" என்று பெரிதாகப் போட்டிருக்கும். ஷிமானோ, டைவா மாதிரிக் கம்பெனிகளின் ஆரம்பநிலை ரீலில் மூன்று நான்குதான் இருக்கும், விலை மட்டும் அதிகம். எண்ணிக்கையைப் பார்த்து வாங்குபவர் முதலாவதைத்தான் எடுப்பார். ஆனால் துருப்பிடிக்கிற பேரிங் 12 இருந்தால் துருப்பிடிக்க 12 இடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

உப்புத் தண்ணீரில் ரீல் சாவது பெரும்பாலும் ஒரே இடத்தில் தொடங்கும். நரம்பை வளைத்து உள்ளே விடும் கம்பியின் முனையில் சுண்டுவிரல் நகத்தளவுக்கு ஒரு சின்ன உருளை இருக்கிறது. அது சுற்றுவதை நிறுத்திவிட்டால் நரம்பு அதன்மேல் உரசிப் பள்ளம் போடும், முறுக்கேறும், கடைசியில் அறுக்கும். எங்கள் மலிவு ரீலில் கார்த்திகை முடிவதற்குள் அந்த உருளை இறுகிவிட்டது. மற்றது இன்றும் சுற்றுகிறது. காரணம் விலை மட்டும் இல்லை, கழுவுகிற முறையும்தான். டிராக்கை (மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடியை) இறுக்கிவிட்டு, குழாயில் மெல்லிசாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்துக் காயவைத்து, டிராக்கைத் தளர்த்தி வைக்க வேண்டும். உருளையில் ஒரு சொட்டு எண்ணெய். பைக் கழுவுகிற மாதிரி வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். விலை உயர்ந்ததை வாங்கிக் கழுவாமல் வைப்பதற்கு மலிவானதை வாங்கி ஒழுங்காகக் கழுவலாம்.

நரம்பு

இங்கேதான் எங்களுக்குள் பெரிய சண்டை. மச்சான் நைலான் கட்சி, நான் பிரெய்டு கட்சி.

பிரெய்டு என்பது பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னியது. அதே 20 பவுண்டு பலத்துக்கு நைலானில் ஏறக்குறைய பாதி தடிமன்தான் இருக்கும், அதனால் தூரம் போகும். இழுத்தால் நீளாது. 60 மீட்டருக்கு அந்தப் பக்கம் மீன் மூச்சு விட்டாலும் தெரியும் என்று சொல்லலாம், கொஞ்சம் மிகைதான். நைலான் அறுவதற்கு முன் ஐந்தில் ஒரு பங்கு, சிலது அதற்கும் மேலே நீளும். அதனால் கடி தெரிவது தாமதம், மீன் வாயில் தூண்டில் முள் ஏறுவதும் மெத்தனம். ஆனால் பதற்றத்தில் ஒருவர் ஓங்கி இழுத்தால் அந்த நீட்சிதான் முள்ளை நிமிராமலும் மீன் வாயைக் கிழிக்காமலும் காப்பாற்றுகிறது.

சரி, பிரெய்டுதான் வென்றது என்று முடிக்கலாம் என்றால் சிப்பி ஒட்டிய கல் விடாது. நல்ல பிரெய்டு ஒரே ஒரு உரசலில் அறுந்து, காற்றில் முடி மாதிரி மிதந்து வரும். அதே இடத்தில் தடித்த நைலான் கீறலோடு தப்பித்து வந்திருக்கிறது. இன்னொரு தொல்லை வாடைக்காற்று. பிரெய்டு தண்ணீரைவிட இலேசு, மேலேயே மிதக்கும். காற்று அதை வில்லாக வளைத்துவிட்டால் முனையில் நடப்பது எதுவும் கைக்கு வராது. நைலான் மெல்ல அமிழும்.

கடைசியில் இருவரும் வந்து நின்ற இடம்: கழிமுகத்துக்குப் பிரெய்டு, மணல்கரைக்கு நைலான். கற்களில் எதுவானாலும் முனையில் இரண்டு கை நீளத்துக்கு 40 பவுண்டு லீடர், அதாவது முள்ளுக்கு முன்னால் கட்டும் தடித்த நரம்புத் துண்டு. கொடுவாவின் செவுள் மூடி கத்தி விளிம்பு, லீடர் இல்லாமல் அதை எதிர்பார்ப்பது வீண். சீலாவுக்கு நைலான் லீடரும் போதாது, பல்லுக்குக் கம்பிதான். பிரெய்டு சுற்றும்போது அடியில் கொஞ்சம் நைலான் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மொத்தச் சுற்றும் ரீலில் வழுக்கும். மாட்டிக்கொண்டால் கையில் சுற்றி இழுக்காதீர்கள், விரலை எலும்பு வரை அறுக்கும். ஒரு மரக்கட்டையில் சுற்றி இழுங்கள்.

அறுந்த நரம்பைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். இரண்டுமே மக்காது. பங்குனி ஆமை என்கிற கடலாமைகள் முட்டையிட வருவது இதே கரைக்குத்தான், அதுவும் நம் பருவம் முடிகிற அதே மாதங்களில்.

இதற்கிடையில் முட்டுக்காடு பாலத்தடியில் தண்ணீர் பாட்டிலில் சுற்றிய நரம்போடு ஒரு பெரியவர் எங்கள் பக்கத்தில் நின்று மீன் எடுத்ததையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. கோல் இல்லை, ரீல் இல்லை, உயிர் இறால் மட்டும். கிட்டே வரும் மீனுக்கு அது போதும். கோலும் ரீலும் வாங்குவது தூரத்துக்காக. அந்தத் தூரம் தேவையா என்று யோசித்துவிட்டு வாங்கலாம்.

முள்ளும் ரப்பர் மீனும்

முள்ளில் குழப்பமே வேண்டாம். காசிமேட்டில் மீனவர்கள் வாங்கும் கடையில் அவர்கள் வாங்குவதையே வாங்குங்கள். பாக்கெட் அழகாக இருக்கும் ஆன்லைன் முள்கள் வளைந்தன. மலிவான பொய்மீன் பரவாயில்லை, அது நீந்தும். அதோடு வரும் மூன்று கொக்கி முள்தான் மட்டம், அதை மட்டும் மாற்றிவிட்டால் விலை கூடினதுக்கும் இதற்கும் கொடுவாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கிழங்கானுக்கு இறாலைத் தவிர வேறெதையும் காட்டிப் பயனில்லை.

மழைச்சட்டை

மச்சான் வாங்கியது சாலையோரத்தில் விற்கும் பிளாஸ்டிக் மேல்-கீழ் செட். நான் வாங்கியது "மழை உள்ளே வராது, வியர்வை வெளியே போகும்" என்கிற வகை, 10,000 மில்லிமீட்டர் என்று எழுதியது. அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு: துணிமேல் 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால்தான் ஒழுகத் தொடங்கும். மழை விஷயத்தில் சொன்னபடி நடந்துகொண்டது, ஒரு சொட்டு வரவில்லை.

வியர்வை விஷயத்தில்தான் ஏமாற்றம், அதில் சட்டை மேல் தப்பும் இல்லை. உள்ளே இருக்கும் ஆவி வெளியே போக வேண்டுமென்றால் வெளியே இருக்கும் காற்று அதைவிட உலர்ந்திருக்க வேண்டும். கார்த்திகை மழையில் சென்னைக் கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பி வழிகிறது, குளிரும் இல்லை. ஆவி எங்கே போகும்? அரை மணியில் உள்ளே நான் நனைந்திருந்தேன், மச்சானும் நனைந்திருந்தார். விலை வித்தியாசம் பல மடங்கு. ஊட்டி, கொடைக்கானலில் அதே சட்டை அழகாக வேலை செய்தது, ஆகவே அது மலைக்குப் போய்விட்டது.

கடற்கரைக்கு எங்கள் இருவருக்கும் பிடித்துப்போனது மூன்றாவது வகை: அக்குளில் திறப்பு இருக்கும் மெல்லிய மேல்சட்டை மட்டும். கீழே அரைக்கால் சட்டை, நனைந்தால் நனையட்டும். போன் பத்திரமாக இருந்தால் போதும். முழங்கால் வரை தொங்கும் போஞ்சோவும் காற்றோட்டமாகத்தான் இருக்கும், ஆனால் வீசும்போது முள் அதில்தான் மாட்டும்.

வெயில் சட்டை விஷயம் கொஞ்சம் வேறு. யுபிஎஃப் 50 என்றால் புற ஊதாக் கதிரில் 50-ல் ஒரு பங்குதான் துணியைத் தாண்டும். சாதாரண வெள்ளைப் பருத்தி டி-சர்ட்டில் அந்த எண் ஒற்றை இலக்கம், நனைந்தால் இன்னும் குறையும். ஆகவே முழுக்கை பாலியஸ்டர் சட்டை சரிதான். ஆனால் பிராண்டு சட்டையையும் ஜெர்சிக் கடைச் சட்டையையும் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். நெருக்கமாக நெய்த கடைச் சட்டையில் வெளிச்சம் வருவது அதே அளவுதான் இருந்தது. அப்புறம், இரண்டுமே ஒரே மாதிரி நாறும். பாலியஸ்டர் வியர்வை வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், திரும்பி வந்த உடனே அலச வேண்டும்.

கால்

ரப்பர் செருப்பு தூண்டில் வளைவில் கூடவே கூடாது. பட்டை வைத்த சாண்டல் மணலுக்கு நல்லது, சீக்கிரம் காயும், ஆனால் விரல் திறந்திருக்கும். நாங்கள் நல்ல விலை கொடுத்து வாங்கியதில் காசுக்குத் தகுந்த ஒரே உடுப்பு விரல் மூடிய, அடியில் மெத்தென்ற ரப்பர் போட்ட தண்ணீர் ஷூ. மச்சானின் பள்ளிக்கூடக் கேன்வாஸ் ஷூ சிப்பி வெட்டிலிருந்து காத்தது, ஆனால் மூன்று நாள் காயாமல் கிடந்தது. பச்சைப் பாசிமேல் எந்த ஷூவும் நிற்காது. அங்கே காலே வைக்கக் கூடாது.

விரல் மூடியிருப்பதற்குச் சிப்பி மட்டும் காரணமில்லை. கடல் கெளுத்தி கல்லில் துள்ளும்போது அதன் முதுகு முள் நேராகப் பாதத்தைத்தான் தேடும், விஷமும் உண்டு. குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில், சுமார் 45 டிகிரி, வலி அடங்கும் வரை காலை வைத்திருந்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். பிளாஸ்கில் டீ கொண்டுபோகிறவர் வெந்நீரும் ஒன்று கொண்டுபோகலாம்.

கறுப்புக் கண்ணாடியில் போலரைஸ்டு வாங்குங்கள், மடவைக் கூட்டம் தண்ணீருக்குள்ளேயே தெரியும். நிஜமா என்று பார்க்க, கண்ணாடியை லேப்டாப் திரைக்கு முன் பிடித்து மெல்லத் திருப்பினால் ஒரு கோணத்தில் இருட்ட வேண்டும்.

சாமான் பெட்டியைப் பற்றி எழுத நிறைய இல்லை. அடுக்கடுக்காகத் திறக்கும் பெட்டியின் கீல் துருப்பிடித்தது. 20 லிட்டர் பெயின்ட் வாளி உட்காரவும் ஆயிற்று, ரீல் கழுவவும் ஆயிற்று. வாங்கும்போது மூடியோடு கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் இறாலைக் காக்காய்க்குத்தான் வாங்க வேண்டியிருக்கும்.