தியாகராய நகரில் கடை பிடிப்பவர்கள் கவனத்திற்கு: மின் அட்டையை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்

பாண்டி பஜாரை ஒட்டிய உள்தெரு ஒன்றில் சிற்றுண்டி உணவகம் நடத்துவதற்காக மாதம் 45,000 ரூபாய் வாடகைக்குத் தரைத்தளத்தில் ஓர் இடம் எடுத்தேன். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்து, சமையல் மேடை, புகைபோக்கி, கழிவுநீர் வடிகட்டும் தொட்டி என்று மேலும் ஆறு லட்சம் ரூபாய் செலவழித்த பிறகு, கடை திறந்த 73-ஆம் நாள் அதை மூட வேண்டியதாயிற்று. இதே வலையில் இன்னொருவர் விழக்கூடாது என்பதற்காகவே நடந்ததை எழுதுகிறேன்.

இடத்தைக் காட்டிய தரகரிடம், இங்கே உணவகம் நடத்த அனுமதி உண்டா என்று முதல் நாளே கேட்டேன். "சார், இது டி. நகர். இங்க எல்லாமே கமர்ஷியல்தான்" என்றார். கட்டட உரிமையாளரோ ஒரு படி மேலே போய், வணிகக் கட்டணம் என்று குறிப்பிட்ட மின் அட்டையையும், வணிகப் பயன்பாட்டுக்கான சொத்துவரி ரசீதையும் என் முன் வைத்தார். இவை இரண்டும் இருந்தால் போதும் என்று நினைத்துக் கையெழுத்திட்டேன். மின் கட்டணமும் சொத்துவரியும் ஓர் இடம் இப்போது எப்படிப் பயன்படுகிறது என்பதைப் பார்த்து வசூலிக்கப்படுகின்றனவே தவிர, அந்தப் பயன்பாடு சட்டப்படி அனுமதிக்கப்பட்டது என்று அவை சொல்வதில்லை. இது எனக்கு, பயன்பாட்டு விதிமீறல் என்று கடையை மூடச் சொல்லும் அறிவிப்புக் கடிதம் கையில் கிடைத்த பிறகே விளங்கியது.

சென்னையில் எந்த இடத்தில் எதற்கு அனுமதி என்பதை, 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த, நகர வளர்ச்சிக்கான இரண்டாம் முழுமைத் திட்டத்தின் நில உபயோக வரைபடமும், 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழிற்சாலை என்று நிலம் பிரிக்கப்பட்டிருக்கிறது. நகரின் நடுவில் இருப்பதால் ஓர் இடம் தானாக வணிகப் பகுதியாகிவிடாது. பெரிய சாலையை ஒட்டிய மனை ஒரு வகையிலும், அதன் பின்புறத் தெருவிலுள்ள மனை வேறு வகையிலும் இருக்கலாம். நான் எடுத்த இடம் முதன்மைக் குடியிருப்பு வகையைச் சேர்ந்தது. அந்த வகையில் வீடுகளோடு, அங்கேயே குடியிருப்பவரின் தொழில்முறை ஆலோசனை அறை, அன்றாடத் தேவைக்கான சிறு கடை போன்றவற்றுக்கு ஓர் அளவுக்கு உட்பட்டு இடம் உண்டு. நாற்பது பேர் அமர்ந்து உண்ணும் உணவகம் அதில் அடங்காது.

அதைவிடக் கொடுமையான செய்தி, வழக்கறிஞர் அனுமதி பெற்ற கட்டட வரைபடத்தின் நகலை வாங்கி மேசையில் விரித்தபோது தெரிந்தது. தரைத்தளத்தில் அறை என்று எதுவுமே வரையப்படவில்லை. தூண்களுக்கு நடுவே நான்கு செவ்வகங்கள், ஒவ்வொன்றிலும் கார் நிறுத்துமிடம் என்ற குறிப்பு. என் தோசைக்கல் இருந்த மூலை மூன்றாவது காருக்கு உரியது. மாடியில் குடியிருந்தவர்கள் தங்கள் வண்டிகளைத் தெருவில் நிறுத்திவிட்டு என்னை ஏன் அப்படி முறைத்துப் பார்த்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. அவர்கள் மீது எனக்கு இன்றும் வருத்தமில்லை. பறிபோனது அவர்களுடைய இடம்.

2011 அக்டோபர் இறுதியில், இதே தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவில் விதிமீறிய பெரிய கடைக் கட்டடங்களுக்கே முத்திரை வைத்தார்கள். அதைச் செய்தியில் பார்த்தவன்தான் நான். அப்படியிருந்தும், பக்கத்தில் இரண்டு கடைகள் நடக்கின்றனவே என்ற தைரியத்தில் இருந்துவிட்டேன்.

நில உபயோகத்தை ஒரு மாதத்தில் மாற்றித் தருவதாக உரிமையாளர் அதன் பிறகும் சொன்னார். அந்த மாற்றம் வாடகைதாரர் கேட்டுப் பெறக்கூடியது அல்ல. நில உரிமையாளர் விண்ணப்பித்து, பத்திரிகையில் அறிவிப்பு வெளியாகி, ஆட்சேபங்கள் கேட்கப்பட்டு, அதன் பின்னரே முடிவாகும். அவர் விண்ணப்பிக்கவே இல்லை.

ஆகவே, இடம் பார்க்கும்போது உரிமையாளரிடம் சர்வே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைக் கொண்டு நில உபயோகத்தை நீங்களே பார்க்கலாம். அடுத்து, அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலை வாங்கி, நீங்கள் எடுக்கப்போகும் தளம் அதில் என்னவென்று குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தர மறுத்தால் முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள். ஒப்பந்தத்தில், பயன்பாட்டு விதிமீறலால் கடை மூடப்பட்டால் முன்பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். என் ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்ததோ, "தொழிலுக்குத் தேவையான அனைத்து அனுமதிகளும் வாடகைதாரரின் பொறுப்பு" என்ற வரி. அதைக் காட்டித்தான் இன்றுவரை பணத்தைத் தர மறுக்கிறார்.

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. சென்ற வாரம் அந்தத் தெரு வழியாகச் சென்றேன். அதே இரும்புக் கதவில், அதே தரகரின் கைபேசி எண்ணோடு, "கடை வாடகைக்கு" என்று புதிய பலகை தொங்குகிறது.