நம்ம ஊர் விளம்பரத்தை எடைபோட அரிஸ்டாட்டிலா, நன்னூலா?

மார்த்தாண்டம் பக்கம் ரோட்டோரத் தேன் வியாபாரிகளில் சிலர் தீக்குச்சியைத் தேனில் முக்கி, உரசிப் பற்றவைத்துக் காட்டுவார்கள். "பாத்தியளா அக்கா, அசல்!" அவ்வளவுதான் பேச்சு. கலப்படமாக இருந்தால் குச்சி பற்றாது என்ற மீதியை அவர் சொல்வதே இல்லை, நாமே மனசுக்குள் சேர்த்துக்கொள்கிறோம். தண்ணீர் குறைந்த கெட்டிச் சர்க்கரைப் பாகில் முக்கினாலும் குச்சி பற்றலாம் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றாது.

இதைப் பிடிக்க கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலை விட்டால் ஆள் இல்லை. கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைப் பேசுபவர் சொல்லாமல் விடலாம், கேட்பவரே நிரப்பிக்கொள்வார் என்று சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதியவர் அவர். பேச்சால் ஆளை நம்பவைக்கும் வழிகளைப் பேசுபவர் மேல் வரும் நம்பிக்கை, கேட்பவரின் உணர்ச்சி, வாதம் என்று மூன்றாகப் பிரித்தார். அந்த நம்பிக்கையும் பேச்சிலிருந்தே பிறக்க வேண்டும், முன்பே இருக்கும் பேரிலிருந்து அல்ல என்றார். அப்படிப் பார்த்தால் நாகர்கோவிலில் நகைக்கடை பேனரில் சிரிக்கும் நடிகர் பேச்சுக்கலைக் கணக்கிலேயே வரமாட்டார்.

நன்னூல் வேறு ரகம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றம், முன்னுரையான பாயிரத்திலேயே இருக்கிறது. தீக்குச்சி வித்தையில் ஏன் விழுந்தோம் என்று அதைக் கேட்டால் பதில் வராது. ஆனால் ஒரு அம்மன் கோயில் கொடைவிழா ஃபிளெக்ஸைக் கொண்டுபோய் நிறுத்துங்கள், பிரித்து மேய்ந்துவிடும். மேலே தலைவர்கள் படம், நடுவில் அம்மன், அப்புறம் கூலிங்கிளாஸ் போட்ட விழாக்குழு இளைஞர்கள் வரிசையாக, ஒவ்வொருவர் பேருக்கு முன்னாலும் ஒரு பட்டம். இது மிகைபடக் கூறல் (தேவைக்கு மேல் சொல்வது), மற்றொன்று விரித்தல் (சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை நீட்டுவது) இரண்டும். வில்லுப்பாட்டு எந்த ராத்திரி, எத்தனை மணிக்கு என்பது மூலையில் பொடி எழுத்தில் கிடக்கும், சிலதில் அதுவும் இருக்காது: இது குன்றக் கூறல், தேவையானதைக் குறைத்துச் சொல்வது. நகைக்கடையின் 'சேதாரம் இல்லை' பக்கத்தில் ஒரு குட்டி நட்சத்திரக் குறி இருக்குமே, அதையும் இதே கணக்கில் எழுதலாம்.

நன்னூல் சறுக்கும் இடமும் உண்டு. கூறியது கூறல் குற்றம் என்கிறது. நூலுக்குச் சரி. மைக் கட்டிய ஆட்டோ வடசேரியைத் தாண்டும்போது நம் காதில் விழுவது சில நொடிதான், அதில் கடைப் பேரை மறுபடி மறுபடி சொல்லாமல் என்ன செய்வான்? வில்லுப்பாட்டில் புலவர் பாடிய அடியைப் பக்கத்தில் இருப்பவர்கள் திருப்பிப் பாடி 'ஆமா' போடுவதும் குற்றமாகிவிடுமே! அரிஸ்டாட்டில் இங்கே தெளிவு: ஒரே சொல்லைத் திரும்பச் சொல்வது எழுத்தில் ஒட்டாது, பேச்சில் எடுபடும் என்று பிரித்தே சொல்லியிருக்கிறார்.

என் கட்சி இதுதான்: வாங்கப் போகிறவருக்கு அரிஸ்டாட்டில், ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுப்பவருக்கு நன்னூல். தேன் கடையில் நின்றால் 'இவர் சொல்லாமல் விட்டது என்ன?' என்று ஒரு தடவை யோசியுங்கள். பாட்டில் உறைந்திருந்தால் சர்க்கரை என்று முடிவுகட்டுவதும் நாமே நிரப்பிய வாதம்தான். ரப்பர் தோட்டத் தேன் இயல்பாகவே சீக்கிரம் உறையும். விழாக்குழுக்காரர்களுக்குப் பத்தும் வேண்டாம், குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் போதும். தேதியையும் நேரத்தையும் பெரிசாகப் போட்டுவிட்டு, மிச்ச இடத்தில் எத்தனை கூலிங்கிளாஸ் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் மக்கா.