கன்னியாவா, மகாஓயாவா?

முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்த முழங்கால் அம்மாவுடையது. வெந்நீர் ஊற்றில் ஒருமுறை குளிக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. பதுளையிலிருந்து மகாஓயா, கன்னியா இரண்டு ஊற்றுகளுக்கும் கூட்டிப் போயிருக்கிறேன்.

மகாஓயா எங்களுக்குப் பக்கம். பிபிலை வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ5 பாதையிலேயே வந்துவிடும், காலையில் போய் இரவுக்குள் தோட்டத்து லய வீட்டுக்குத் திரும்பலாம். ஆனால் தண்ணீர் கொதிக்கிறது. இலங்கையின் மிகச் சூடான ஊற்றுகளில் இதுவும் ஒன்று, 50 பாகைக்கும் மேல். ஆறவைத்துத்தான் ஊற்ற வேண்டும். சீனி வருத்தத்தால் (நீரிழிவால்) கால் மரத்துப் போனவர்களை இங்கே தனியே விடாதீர்கள், சுடுவதே தெரியாது.

கன்னியா திருகோணமலைக்குப் பக்கத்தில். தூரம், இரவு தங்க வேண்டிவரும். ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வேறுபடும். வாளியில் மொண்டு அப்படியே தலையில் ஊற்றலாம், இதமான சூடு. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கியது என்பது ஐதீகம். அதனால் இறந்தவர்களுக்குக் கடன் கழிக்கவும் வருகிறார்கள். அப்பாவை நினைத்து அம்மா ஏழு கிணற்றிலும் ஊற்றிக்கொண்டார்.

எரிமலை எதுவும் இல்லை. நிலத்தின் ஆழத்துக்கு இறங்கிய மழைநீர், வெடிப்புகள் வழியே சூடேறி மேலே வருகிறது, இரண்டிலும் அதுதான்.

வலி முற்றாகத் தீரவில்லை, இரண்டு நாள் இலகுவாக இருந்தது. மாத்திரையை நிறுத்தவில்லை. ஒருநாள்தான் லீவு என்றால் மகாஓயா சரி. வயதானவர்களோடு என்றால் நான் கன்னியாவுக்கே போவேன்.